கலப்பையில் தொடங்கிய தொழில்

(ஊரகத் தொழில் முனைவோர் பயிற்சி முகாமின் நிறைவு நாளன்று வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



மூன்று நாட்களாக நீங்கள் கணக்கு எழுதும் முறை, வங்கிக் கடன் பெறும் வழி, மாவட்டத் தொழில் மையத்தை நாடும் விதம் ஆகியவை பற்றிப் பல அறிஞர்கள் கூறக் கேட்டீர்கள். அவற்றையே நானும் திருப்பிக் கூறுவதால் பயன் இல்லை. ஆகவே இந்த நிறைவுரையில் ஒரு தொழிற் குடும்பத்தின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். அது உங்களுக்கு மட்டும் உரிய பாடமன்று; என்னைப் போன்ற அலுவலர்களுக்கும் உரிய பாடம். எனக்கு உரிய பகுதியை இறுதியில் ஒளிக்காமல் கூறுவேன்.

என் இளமையில், எங்கள் பாட்டனாரின் கிணற்றடியில் ஓர் எண்ணெய் இயந்திரம் இருந்தது. ஊரார் அதனை ‘ஆயில் எஞ்சின்’ என்பார்கள். விடியற்காலையில் பாட்டனார் கைப்பிடியைச் சுழற்றி அதனை ஓடவிட்டால், அதன் ஓசை அடுத்த ஊர் எல்லை வரையில் கேட்கும். அதன்மீது வார்த்திருந்த ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி நான் முதன்முதலில் படித்த பெயர் ‘கிர்லோஸ்கர்’ என்பது. அது இயந்திரத்தின் பெயர் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். அது ஒரு குடும்பத்தின் பெயர் என்பதும், அந்தக் குடும்பம் உழவர்க்குக் கலப்பை செய்து கொடுத்து வளர்ந்தது என்பதும் பின்னரே எனக்குத் தெரிந்தன.

ஓவியம் பயிலச் சென்றவர்

லட்சுமணராவ் கிர்லோஸ்கர் 1869-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள் பெல்காம் மாவட்டத்தைச் சேர்ந்த குர்லஹோசூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று கர்நாடக மாநிலத்தில் உள்ளது. பள்ளிப் படிப்பில் அவருக்கு நாட்டம் குறைவு. படம் வரைவதிலும் இயந்திரங்களைப் பிரித்துப் பார்ப்பதிலும்தான் ஆர்வம் மிகுதி. 1885-இல் பம்பாய் சென்று ஜே. ஜே. ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். சில வண்ணங்களை வேறுபடுத்திக் காண அவர் கண்களால் இயலாது என்பது அங்கே தெரியவந்தது. ஓவியனாக வேண்டும் என்று வந்தவனுக்கு இதைவிடப் பெரிய இடி வேறென்ன இருக்க முடியும்?

ஆனால் அவர் ஊர் திரும்பவில்லை. வண்ணம் வேண்டாத வரைபடம் ஒன்று உண்டு. அது இயந்திர வரைபடம். அதனைக் கற்றார், விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கல்லூரியில் அதனையே கற்பிக்கும் ஆசிரியரானார். ஓய்வு நேரங்களில் இயந்திரக் கூடத்தில் கையில் எண்ணெய்க் கறையுடன் நின்று, கருவிகள் இயங்கும் விதத்தை அறிந்துகொண்டார். நாளடைவில், தமக்கு வரும் என்று எதிர்பார்த்த பதவி உயர்வு வேறொருவருக்கு அளிக்கப்பட்டது. மனம் நொந்த அவர் வேலையைத் துறந்து பெல்காம் வந்து சேர்ந்தார்.

பெல்காமில் அவருடைய தமையனார் ராமசந்திரராவ் இருந்தார். இருவரும் சேர்ந்து மிதிவண்டி விற்பனை செய்து வந்தனர். ‘கிர்லோஸ்கர் சகோதரர்கள்’ என்ற பெயர் அக்காலத்தில் தோன்றியதே. 1888-ஆம் ஆண்டையே அந்நிறுவனம் தன் பிறந்த ஆண்டாகக் கொள்கிறது. பின்னர்க் காற்றாலைகள் போன்ற அயல்நாட்டுப் பொருள்களையும் வரவழைத்து விற்றார்கள். பிறர் செய்த பொருளை விற்பதைவிட, நம் மக்களுக்கு வேண்டிய பொருளை நாமே செய்ய வேண்டும் என்ற எண்ணம் லட்சுமணராவுக்கு ஓயாமல் இருந்து வந்தது.

முதலில் அவர் செய்தது தீவனம் நறுக்கும் கருவி. சோளத்தட்டையை முழுசாகப் போட்டால் மாடு இலையைத் தின்றுவிட்டுத் தண்டை மிதித்துக் கழித்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். நறுக்கிப் போட்டால் சேதம் குறையும். கருவி சிறியது, ஆயினும் உழவர் வீட்டில் அன்றாடம் நேரும் ஒரு வீணை அது தடுத்தது. பெரிய தொழில் ஒன்று இத்தகைய சிறு வீணைக் கண்டறிந்ததிலிருந்தே தொடங்கியது என்பதை நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

இரும்புக் கலப்பையும் உழவரின் ஐயமும்

அடுத்து 1903-இல் அவர் இரும்புக் கலப்பை செய்தார். நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறிச் செல்லும். ஒரு சாலுக்கும் அடுத்த சாலுக்கும் இடையே உழப்படாத மண் நின்றுவிடும். இரும்புக் கலப்பையோ மண்ணை ஆழமாக வெட்டி, வளைந்த பலகையால் ஒருபுறமாகப் புரட்டிப் போடும். களையின் வேர் மேலே வந்து வெயிலில் காயும். மேலிருந்த தழை உள்ளே சென்று மக்கும். தக்காணத்தின் கரிசல் நிலத்தில் ஆழ வேரூன்றும் புற்களை ஒழிப்பதற்கு இத்தகைய உழவு மிகவும் தேவையாக இருந்தது.

பொருள் நல்லதுதான். ஆனால் வாங்குவார் இல்லை. இரும்பு பட்டால் மண் நஞ்சாகிவிடும் என்று உழவர்கள் அஞ்சினார்கள். முதலில் செய்த கலப்பைகளை விற்பதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின.

இதனைக் கேட்டவுடன், அந்த உழவர்கள் அறியாதவர்கள் என்று சிரிக்கத் தோன்றும். நான் சிரிக்கமாட்டேன். இருபது ஆண்டுகளாக உழவர்களுடன் பழகிய அனுபவத்தில் ஒன்று கூறுகிறேன். உழவன் கூறும் காரணம் ஒன்றாக இருக்கும். அதன் பின்னே சொல்லாத காரணங்கள் நான்கு இருக்கும். மரக் கலப்பையை உள்ளூர்த் தச்சர் செய்வார். அறுவடையின்போது தானியமாகக் கூலி பெற்றுக்கொள்வார். பழுதானால் அன்று மாலையே சரிசெய்து தருவார். இரும்புக் கலப்பைக்கோ ரொக்கப் பணம் வேண்டும். அதனை இழுக்க வலிய எருதுகள் வேண்டும். கொழு தேய்ந்தால் மாற்றுக் கொழு எங்கிருந்து வரும்? விதைக்கும் பருவத்தில் கலப்பை முறிந்து பத்து நாள் காத்திருந்தால் ஓராண்டு விளைச்சலே போய்விடும். ஒரு பருவத்தைப் பணயம் வைக்கும் உழவன் ஐயப்படுவது அறியாமை அன்று. அது அவனுடைய தற்காப்பு.

லட்சுமணராவ் உழவர்களை நொந்துகொண்டு கலப்பை செய்வதை விட்டுவிடவில்லை. வாங்குவார் வரும் வரையில் பொறுத்திருந்தார். கலப்பை உழவனுக்கு ஏற்றதாக வேண்டுமேயன்றி, உழவன் கலப்பைக்கு ஏற்றவனாக வேண்டும் என்று வாதாடுவதால் ஒரு கலப்பையும் விலைபோகாது. நீங்களும் உங்கள் பொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லும்போது, வாங்க மறுப்பவர் சொல்லும் குறையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பாராட்டுகிறவர் தருவது மகிழ்ச்சி. மறுக்கிறவர் தருவதே பாடம்.

நம்பிய மன்னர்

இந்நிலையில் மற்றொரு துன்பம் வந்தது. பெல்காம் நகரம் விரிவடைந்தபோது, தொழிற்கூடம் இருந்த இடத்தைக் காலி செய்யுமாறு நகராட்சி கூறிவிட்டது. கலப்பைக்குப் பெருத்த விற்பனை இல்லை. கையில் பணம் இல்லை. இருந்த இடமும் இல்லை.

அப்போது லட்சுமணராவ், அவுந்த் என்னும் சிறு சமஸ்தானத்தில் ஒரு மண்டபம் கட்டும் பணியை ஏற்றுச் செய்துகொண்டிருந்தார். அதன் மன்னர் பாளாசாகேப் பந்த் பிரதிநிதி கலைகளில் ஈடுபாடுள்ளவர், தாமே ஓவியர். வேலை செய்கிறவரின் நேர்மையையும் திறமையையும் அவர் கண்ணாரக் கண்டிருந்தார். செய்தியை அறிந்ததும், தம் சமஸ்தானத்தில் தொழிற்கூடம் அமைத்துக்கொள்ளுமாறு கூறி, குண்டல் என்னும் ஊருக்கு அருகில், புகைவண்டிப் பாதையை ஒட்டி 32 ஏக்கர் நிலமும், வட்டியில்லாக் கடனாக 10,000 ரூபாயும் அளித்தார்.

அந்த நேரத்தை எண்ணிப் பாருங்கள். தொழில் வெற்றி பெற்றபின் மாலையிடுவதற்கு ஆயிரம் பேர் வருவார்கள். வெற்றிக்கு முன்னால், இடமிழந்து நின்றவனை நம்பியவர் அவர் ஒருவரே. இந்த மன்னரே பிற்காலத்தில், 1939-இல், காந்தியடிகளின் அறிவுரையைப் பெற்று, கிராமப் பஞ்சாயத்துகளை அடிப்படையாகக் கொண்ட ஓர் அரசியல் அமைப்பை இயற்றித் தம் அதிகாரத்தை மக்களிடம் ஒப்படைத்தார். மக்களை நம்பும் பழக்கம் அவருக்கு ஒரு நாளில் வந்ததன்று என்று நான் கருதுகிறேன்.

கள்ளிக்காடு ஊரானது

1910-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அந்நிலத்தில் குடியேறினார்கள். அது சப்பாத்திக்கள்ளி மண்டிய வெற்று நிலம். நாகப் பாம்புகள் மிகுந்த இடம். சுமார் 25 தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தினரும் லட்சுமணராவுடன் வந்தனர். கள்ளியை வெட்டி, குடிசை அமைத்து, கிணறு தோண்டி, அதன்பின் உலைக்கூடம் எழுப்பினர். தமையனார் ராமசந்திரராவ் குடியிருப்பின் பொறுப்பை ஏற்றார். வீடு, குடிநீர், துப்புரவு ஆகியவை அவர் பங்கு; கலப்பையும் உலையும் தம்பியின் பங்கு. ஜாம்பேகர், ரேகே, குல்கர்ணி முதலிய துணைவர்கள் பட்டம் பெற்ற பொறியாளர்கள் அல்லர். வேலையிலேயே வேலையைக் கற்றவர்கள்.

அந்தக் குடியிருப்புக்குக் ‘கிர்லோஸ்கர்வாடி’ என்று பெயர் வந்தது. குண்டல் ரோடு என்றிருந்த புகைவண்டி நிலையமும் பின்னர் அப்பெயரையே பெற்றது. அவ்வூர் இன்று மகாராட்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் உள்ளது; தொழிற்சாலை இன்றும் அங்கே இயங்குகிறது.

தொழிற்சாலை வந்தால் ஊர் வளர்ந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அங்கே நடந்தது வேறு. ஊரையும் ஆலையையும் ஒருங்கே அமைத்தார்கள். தீண்டாமைக்கு அக்குடியிருப்பில் இடமில்லை என்று லட்சுமணராவ் விதித்தார். ஒரே கிணற்றில் நீர் எடுக்க முடியாத மக்கள் ஒரே உலையில் ஒத்துழைப்பது எங்ஙனம்? சிறைத் தண்டனை அனுபவித்து வந்தவர்களையும் அவர் காவற் பணியில் அமர்த்தினார். மன்னர் தம்மிடம் காட்டிய நம்பிக்கையை அவர் பிறரிடம் காட்டினார் என்றே இதனைக் கொள்ள வேண்டும்.

இடர் வந்த காலங்கள்

1914-இல் முதல் உலகப் போர் தொடங்கியது. அயல்நாட்டுக் கலப்பைகளின் வரவு குறைந்ததால் உள்நாட்டுக் கலப்பைக்குத் தேவை பெருகிற்று. ஆனால் செய்வதற்கு இரும்பு இல்லை. அத்தருணத்தில் கோல்ஹாப்பூர் மன்னர் சாகு மகாராஜா, பன்ஹாலா கோட்டையில் பயனற்றுக் கிடந்த பழைய பீரங்கிகளை உருக்கிக்கொள்ளுமாறு வழங்கினார். போருக்கு வார்த்த இரும்பு உழவுக்கு வந்து சேர்ந்தது.

1920-இல் ‘கிர்லோஸ்கர் பிரதர்ஸ் லிமிடெட்’ என்ற கூட்டுப் பங்கு நிறுவனமாக அது பதிவு பெற்றது. இது வெறும் பெயர் மாற்றமன்று. குடும்பத்தின் பணப்பெட்டியும் தொழிலின் பணப்பெட்டியும் அன்று முதல் சட்டப்படி வேறு வேறாயின. பங்குதாரர்க்குக் கணக்குக் காட்டும் கடமை வந்தது. நம் சிற்றூர்த் தொழில்களில் பல, பொருள் கெட்டதால் அழிவதில்லை. வீட்டுத் திருமணச் செலவும் கடை முதலும் ஒரே பெட்டியில் கிடந்ததால் அழிகின்றன.

லட்சுமணராவின் மகன் சந்தனுராவ் 1903-இல் பிறந்தவர்; அதாவது இரும்புக் கலப்பையும் அவரும் ஒரே வயதினர். அவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயந்திரப் பொறியியல் கற்று, 1926-இல் பட்டம் பெற்றுத் திரும்பினார். அங்குப் பட்டம் பெற்ற தொடக்க கால இந்தியர்களுள் அவரும் ஒருவர். அயல்நாட்டில் கற்றவர் பெருநகரத்தில் பெரிய பதவியைத் தேடாமல், கள்ளிக்காட்டில் தந்தை எழுப்பிய ஆலைக்கே வந்து சேர்ந்தார்.

1930-களில் உலகெங்கும் பொருளாதார மந்தம் பரவியது. விளைபொருள்களின் விலை வீழ்ந்தது; உழவனிடம் பணம் இல்லாதபோது கலப்பையை யார் வாங்குவார்? அப்போது அந்த ஆலையில் இரும்பு மேசை, நாற்காலி முதலியவற்றைச் செய்து விற்று, தொழிலாளரையும் உலையையும் காப்பாற்றினார்கள். பெருமைக்குரிய பொருள் விலைபோகாத காலத்தில், சிறிய பொருளைச் செய்யக் கூசாமையும் ஒரு தொழில் திறமையேயாகும்.

மிகப் பெரிய இடர் 1948-இல் வந்தது. காந்தியடிகள் கொலையுண்டதை அடுத்து அப்பகுதியில் மூண்ட கலவரத்தில், சாதியின் பெயரால் எழுந்த சினம் கிர்லோஸ்கர்வாடி ஆலையையும் தாக்கித் தீக்கிரையாக்கியது. முப்பத்தெட்டு ஆண்டு உழைப்பின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. லட்சுமணராவுக்கு அப்போது வயது எழுபத்தெட்டு. ஆலையை மூடிவிட்டு வேறிடம் செல்வதற்கு யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆனால் அவ்வூரிலேயே ஆலை மீண்டும் எழுப்பப்பட்டது.

ஒன்றிலிருந்து மற்றொன்று

இந்நிறுவனம் வளர்ந்த வழியைக் கூர்ந்து நோக்கினால் ஓர் ஒழுங்கு தெரியும். ஆழ உழுத நிலத்துக்கு நீர் வேண்டும். ஆகவே நீர் இறைக்கும் பம்பு செய்தார்கள். பம்பை இயக்க ஆற்றல் வேண்டும். மின்சாரம் எட்டாத கிணற்றுக்கு எண்ணெய் இயந்திரம். மின்சாரம் எட்டிய கிணற்றுக்கு மின் மோட்டார். இவற்றையெல்லாம் கடைந்து செய்வதற்குக் கடைசல் இயந்திரம். கடைசல் இயந்திரத் தொழில் 1941-இல், மைசூர்ச் சீமையில் துங்கபத்திரைக் கரையிலுள்ள ஹரிஹரில் தொடங்கிற்று. எண்ணெய் இயந்திரத்துக்குப் பூனாவிலும், மின் மோட்டாருக்குப் பெங்களூரிலும் 1946-இல் தனித்தனி நிறுவனங்கள் தோன்றின. 1962-இல் அமெரிக்கக் கம்மின்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து பெரிய டீசல் இயந்திரங்கள் செய்யும் தொழிலும் தொடங்கப்பெற்றது.

பல்வேறு தொழில்களில் கை வைத்ததாக இது தோன்றலாம். உண்மையில், உழவனுடைய ஒரு தேவை தீர்ந்தவுடன் அவனுக்கு எழுந்த அடுத்த தேவையை நாடிச் சென்றதே இவ்வளர்ச்சி. என் பாட்டனார் கிணற்றடியில் ஒலித்த இயந்திரம் இச்சங்கிலியின் ஒரு கண்ணி. ஏற்றமும் கவலையும் இறைத்த இடத்தில் அது ஓடியது. அதிகாலையில் கயிறு இழுத்த கைகளுக்கு ஓய்வு தந்தது.

லட்சுமணராவ் 1956-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் இயற்கை எய்தினார். அவருடைய நூற்றாண்டையொட்டி 1969-இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தபால் தலையை வெளியிட்டது. சந்தனுராவ் 1994-இல் காலமானார்.

குறைகளையும் சொல்லாவிட்டால் இது வரலாறாகாது, புகழுரையாகிவிடும். ஹரிஹர் ஆலை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டது. குடும்பத்தின் பிற்காலத் தலைமுறையினரிடையே உடன்பாடு குறித்து எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது; சமரசமாகப் பேசித் தீர்த்துக்கொள்ள முயலுமாறு நீதிமன்றம் 2021-இல் அறிவுறுத்தியது. யார் பக்கம் நியாயம் என்று கூறுவது நம் வேலையன்று. அண்ணன் ஊரையும் தம்பி உலையையும் பார்த்துக்கொண்ட காலத்தில் பங்கு தெளிவாக இருந்தது. ஆட்கள் பெருகும்போது தெளிவும் பெருக வேண்டும் என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம். பத்துச் சகோதரிகள் கூடித் தொழில் தொடங்கினால், யார் வேலை எது, இலாபம் எப்படி, ஒருவர் விலகினால் என்ன கொடுப்பது என்பவற்றை முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அன்பு இருக்கும்போது எழுதும் பத்திரமே அன்பு குறையும்போது காக்கும்.

சகோதரிகளுக்கு மற்றொரு செய்தியும் சொல்ல வேண்டும். கோயம்புத்தூரை அடுத்த கணியூரில் கிர்லோஸ்கர் பிரதர்ஸ் நிறுவனத்துக்குப் பம்புத் தொழிற்சாலை ஒன்று உண்டு. அங்கே பம்புகளை உருவாக்கும் பணியைப் பெண்களே செய்கின்றனர். இயந்திரம் ஆண்களுக்கே உரியது என்று உங்களிடம் யாரேனும் கூறினால், கணியூரை அவருக்குக் காட்டுங்கள்.

என் மேசையில் இருந்த கோப்பு

இனி எனக்கு உரிய பகுதிக்கு வருகிறேன்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், வேறொரு வட்டாரத்தில் நான் பணியாற்றினேன். கொல்லர் குடும்பத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் என்னைக் காண வந்தார். தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்தவர். நிலக்கடலை உடைக்கும் கருவி ஒன்றைத் தாமே அமைத்து, சாக்கில் கட்டி, மிதிவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். பயனின்றிப் பூட்டிக் கிடந்த பழைய கிடங்கு ஒன்றை வாடகைக்குக் கொடுத்தால் தொழில் தொடங்குவதாகக் கூறினார்.

அலுவலக வாயிலில் அந்தக் கருவியை இயக்கிக் காட்டினார். நானும் கையைவிட்டுப் பருப்பை அள்ளிப் பார்த்தேன். உடைந்தது சிறிது, முழுப் பருப்பு மிகுதி. பாராட்டினேன். அவர் மனுவின்மீது ‘கூடுதல் விவரம் தேவை’ என்று எழுதினேன். விவரம் வந்தது, மற்றொரு சான்று கேட்டேன். அதுவும் வந்தது, வேறோர் அலுவலகத்தின் கருத்தைக் கேட்டேன். நான் இலஞ்சம் கேட்கவில்லை, கடுஞ்சொல் கூறவில்லை, விதியை மீறவுமில்லை. ஆயினும் பதினான்கு மாதங்கள் சென்றன. இறுதியில் இசைவு ஆணையுடன் அவர் வீட்டுக்கு ஆள் அனுப்பியபோது, அவர் வெளியூர் ஆலை ஒன்றில் கூலி வேலைக்குச் சென்றுவிட்டார் என்று அவருடைய தாயார் கூறியனுப்பினார். கருவியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம்.

அந்தக் கோப்பில் என் கையெழுத்து ஒவ்வொரு பக்கத்திலும் ஒழுங்காக இருக்கிறது. அதில் குறைகாண எந்தத் தணிக்கையாளராலும் இயலாது. ஆனால் அவுந்த் மன்னரின் வரலாற்றைப் படித்த நாள் முதலாக, அந்தக் கோப்பு என் நினைவை விட்டு அகலவில்லை. அவர் நம்பிக்கையை உரிய காலத்தில் கொடுத்தார். நான் அதனைக் காலம் கடந்த பின் முத்திரையிட்டுக் கொடுத்தேன்.

மன்னர் தம் வாய்மொழியாலேயே நிலத்தைக் கொடுக்க முடிந்தது. நான் அவ்வாறு செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஊர்ப் பொதுச் சொத்து ஊராருடையது. அதனை ஓர் அலுவலரின் விருப்பு வெறுப்புக்கு விடாமல் காப்பதற்கே விதிகள் உள்ளன. ஆனால் ‘இல்லை’ என்பதையேனும் உரிய நாளில் சொல்வதற்கு எந்த விதியும் தடையாக இல்லை. தெளிவான மறுப்பைப் பெற்றவன் வேறு வழி தேடுவான். விடையே பெறாதவன் நம்பிக்கையை இழப்பான்.

இந்த வட்டாரத்தில், தென்னை நார்க் கயிறு திரிக்கும் தொழிலுக்காக ஊராட்சிக் கட்டடம் ஒன்றை வாடகைக்குக் கேட்டு ஒரு மகளிர் குழு மனு கொடுத்திருக்கிறது. அச்சகோதரிகள் இக்கூட்டத்திலேயே இருக்கிறார்கள். உங்கள் அனைவரின் முன்னிலையிலும் ஒன்று கூறுகிறேன். வேண்டிய விவரங்கள் எவை என்பதை ஒரே தாளில், ஒரே முறையில் எழுதித் தருவேன். மனு அடுத்த கிராம சபையின் முன் வைக்கப்படும். அதன் பின் முப்பது நாட்களுக்குள் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற விடையைக் காரணத்துடன் தருவேன். ஊராட்சிச் செயலர்களும் இம்முறையைப் பின்பற்ற வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். முப்பத்தோராம் நாள் விடை வரவில்லையென்றால், சகோதரிகள் என் அறைக்கு வந்து இந்த உரையை எனக்கு நினைவூட்டலாம்.

கிராம சபையில் அமரப்போகும் பெரியோர்களுக்கும் ஒரு சொல். ‘இவர்களால் என்ன முடியும்?’ என்ற கேள்வி அங்கே எழலாம். கலப்பை விற்க இரண்டு ஆண்டுகள் காத்திருந்தவரைப் பார்த்தும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். நம்புவதோடு நின்றுவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. கணக்கைக் கேளுங்கள், கயிற்றை இழுத்துப் பாருங்கள், வாடகையை உரிய நாளில் பெறுங்கள். ஆனால் முதலில் கதவைத் திறந்து விடுங்கள்.

தொழில் தொடங்கும் அன்பர்களே! உங்களுக்குப் பத்தாயிரம் ரூபாய் வட்டியில்லாமல் தரும் மன்னர் இன்று இல்லை. ஆனால் வங்கி உண்டு, தொழில் மையம் உண்டு, கிராம சபை உண்டு, உங்கள் வரவு செலவுப் புத்தகம் உண்டு. உங்களை நம்புகிறவர் ஒருவர் கிடைத்தால், அவர் நம்பியது பிழையன்று என்பதை உங்கள் பொருளின் தரத்தால் காட்டுங்கள். பின்னொரு நாள் நீங்கள் வளர்ந்தபின், வாயிலில் வந்து நிற்கும் மற்றொருவரை நீங்கள் நம்புங்கள். அவுந்த் மன்னர் லட்சுமணராவை நம்பினார். லட்சுமணராவ் பிறரால் ஒதுக்கப்பட்டவர்களை நம்பினார். கள்ளிக்காடு ஊரானது அவ்வாறே.